பதினோராம் பக்கத்து வாத்து

டிடிபி வேலை என்பது, யாரோ எழுதியதை யாரோ சொல்கிறபடி அடித்துவிட்டு, தப்பை மட்டும் நம் பேரில் வாங்கிக்கொள்கிற வேலை. கீபோர்டு முன்னால் உட்கார்ந்து முதுகு போன அத்தனை பேருக்கும் இது தெரியும்.

நான் பத்தாவதோடு படிப்பை விட்டவள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் டைப் அடிக்கிறேன்.

வாயில் நுழையாத ஊர்

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஜெர்மனியில் நடுத்தர அளவுள்ள ஓர் ஊரைச் சேர்ந்தவர்கள் புதுக் கட்டடம் கட்டிக் கொடுத்தார்கள். திறப்புக்கு அவர்களே வருகிறார்கள் என்று, அந்த ஊரின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர் தமிழாக்க, விழாக் கமிட்டிச் செயலாளர் புத்தகமாக அடிக்கக் கொண்டுவந்தார். நாலு வாசல் வைத்த கோட்டை, உப்பு வியாபாரம், மூன்று தடவை எரிந்த கடைவீதி.

அவசரத்தில் பக்கம் முழுவதையும் தமிழ் ஃபாண்டுக்கு மாற்றினேன். இங்கிலீஷில் இருந்த ஊர்ப்பெயர் ‘ஞுணூடீக்ஷ’ என்று ஆகிவிட்டது. செயலாளர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

“ஏம்மா, இது ஊர்ப் பேரா, தும்மலா?”

பின்னால் நின்று படிப்பவர்கள்

இவர்களை என்ன செய்யலாம், சொல்லுங்கள். காதுகுத்துப் பத்திரிகை அடிக்க வந்த சாணார்பட்டிக்காரர் என் தோளுக்கு மேலே எட்டி, எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படிக்கிறார். அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் சத்தம் போடக்கூடாதாம், ஆணிகூட அடிக்கமாட்டார்களாம். “செத்த நேரம் பேசாம இருங்கண்ணே” என்றேன். அவருக்கு அதைவிடப் பெரிய கவலை.

“ரேடியோக் குழாய் கட்டிப் பாட்டுப் போடாட்டி, எந்த வீட்டுல விசேஷம்னு எப்படித்தா கண்டுபிடிப்பாக?”

எடுக்கச் சொன்ன பக்கம்

பதினோராம் பக்கம்தான் எனக்கு அந்தப் புத்தகத்திலேயே முக்கியம். ஹிட்லர் காலத்தில் கடைவீதியில் இருந்த ஒரு யூதக் குடும்பத்தை, ஊரே பார்க்க, ரயிலடிக்கு நடத்திக் கூட்டிப்போனார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி. யாரும் திரும்பி வரவில்லை. கிளம்பும்போது அந்த வீட்டம்மா கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைப் பைக்குள் வைத்துக்கொண்டாளாம். எங்கள் ஊரில் பூட்டு செய்யாத தெரு கிடையாது. பூட்டை இழுத்துப் பார்ப்பது எதற்கு என்று எனக்குத் தெரியும். திரும்பி வருவோம் என்றுதானே? அந்தக் கதவின் போட்டோவும் இருந்தது.

செயலாளர் அந்தப் பக்கத்தைப் பேனாவால் குறுக்கே அடித்தார். “சிஸ்டர் எழுதியிருக்காங்களே சார்?” என்றேன். “சம்பந்தி வீட்டுக்காரங்க மாதிரி வர்றவங்க கையில, உங்க தாத்தன் செஞ்ச தப்பு இதுன்னு அச்சடிச்சுக் கொடுப்பமா?” என்றார். அதற்குப் பதில் ஒரு குளத்து வாத்துப் படம் போடச் சொன்னார். நான் முறைத்தேன். கடை முதலாளி அண்ணன் சிரித்தார்.

“அடிக்கச் சொன்னா அடி, அழிக்கச் சொன்னா அழி. வாத்து உன்னைய என்ன பண்ணுச்சு?”

திறப்பு விழா

புத்தகக் கட்டைக் கொடுக்கப் போனேன். நரைத்த தலை ஜெர்மன் அம்மா ஒருவர் தமிழ் தெரியாமலே பக்கம் பக்கமாகப் புரட்டி, படத்தை மட்டும் தேடினார். வாத்து வந்ததும் நின்றுவிட்டார். கதவுப் படம் எங்கே என்று சிஸ்டர் கேட்டார்கள். செயலாளர் கூசாமல் என்னைக் காட்டினார். “டைப் அடிச்ச பிள்ளை விட்டிருச்சு சிஸ்டர்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “நான் ஒண்ணும் விடல. நீங்கதான் எடுக்கச் சொன்னீங்க” என்று, அவர் குறுக்கே அடித்த புரூஃபைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். அந்த அம்மா பேனாக் கோட்டின் மேல் விரலை வைத்து ஏதோ சொன்னார். சிஸ்டர் குரல் இறங்கிப்போய்த் தமிழில் சொன்னார்கள்.

“அந்தக் கதவுக்கு எதிர்வீடு இவங்க வீடாம். இவங்க அப்பா ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாராம். அந்தப் பக்கத்தை எழுதினதே இவங்கதானாம்.”

அழிக்கச் சொன்னவர் பேர் நன்றியுரையில் முதலாவதாக இருக்கிறது, புரூஃபைக் காட்டியதற்கு எனக்குக் கடையில் திட்டு கிடைத்தது, வாத்து மட்டும் எந்த வம்பும் இல்லாமல் பதினோராம் பக்கத்தில் நீந்திக்கொண்டிருக்கிறது.