சயாம் எஞ்சினுக்கு ஒரு பொட்டு

வேலை ஓய்ந்ததும் என் மருமகனுக்குப் புத்தியும் ஓய்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். லோபாக்கில் இருக்கும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷமாக ஒரு ரயில் எஞ்சின் செய்தார். முழங்கை நீளம். ஜப்பான்காரன் சண்டைக் காலத்தில் சயாம் தண்டவாளத்தில் ஓட்டிய கரி எஞ்சினாம். நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். பெற்ற பிள்ளைக்கு ஒருநாள் தலை சீவிவிடாத மனிதர், அந்தப் புகைபோக்கியைப் பல் பிரஷ்ஷால் தேய்ப்பார். நான் சொல்லச் சொல்ல இதை எழுதும் என் மகள், இந்த வரியை மட்டும் விட்டுவிடலாமா என்கிறாள். கூடாது.

கெமாஸில் பழைய ரயில்களுக்கு ஒரு கண்காட்சி. அங்கே வைக்க எஞ்சினைக் காரில் ஏற்றப் போனார். நான் எலுமிச்சம்பழமும் குங்குமமுமாக வாசலை மறித்தேன். எங்கள் எஸ்டேட்டில் புது சைக்கிள்கூடப் பொட்டில்லாமல் ரோட்டில் இறங்காது. அவரோ எஞ்சினை என் கைக்கு எட்டாமல் தூக்கிப் பிடித்தார்.

"வேணாம் லா அத்தை. அசல்ல இல்லாதது ஒண்ணு இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்க."

அசலைப் பற்றி எனக்கே பாடம். படத்தில் பார்த்தவர் அவர். ஏறி வந்தவர் என் அப்பா. தண்டவாளம் போட ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடித்துப் போனவர்களில் எங்கள் எஸ்டேட் லயத்துக்குத் திரும்பியவர் அப்பா ஒருவர்தான். சண்டை முடிந்து, அங்கே உயிரோடு மிஞ்சியவர்களைக் கூட்டிவர வந்ததும் இதே மாதிரி எஞ்சின்தான். அதுவரை அதைக் கண்டாலே காறித் துப்பியவர்கள், அன்று செம்மண்ணைக் குழைத்து அதன் நெற்றியில் அப்பினார்களாம், இனியாவது யாரையும் சாகவிடாமல் கொண்டுபோய்ச் சேர் என்று. எவ்வளவு பெரிய பொட்டு என்று அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்.

அத்தனையும் சொல்லிவிட்டுச் சொன்னேன்: "அந்தப் பொட்டு இல்லன்னா இது வெறும் ஜப்பான்காரன் எஞ்சின், மாப்பிள்ள. எங்கப்பா ஏறி வந்தது இல்ல."

அவர் உள்ளே திரும்பிப் போய் எஞ்சினை மேசையில் வைத்தார். பிறகு கேட்டார் பாருங்கள்:

"உள்ளங்கைன்னா விரலோடவா அத்தை, விரல் இல்லாமலா?"

விரல் இல்லாமல் என்றேன். அந்த அளவை இந்த எஞ்சினுக்குச் சுருக்கக் கால்குலேட்டரைத் தட்டினார். பூச்சட்டி மண்ணைக் குழைத்து, பூதக்கண்ணாடியும் ஒற்றை மயிர் பிரஷ்ஷுமாகக் கடுகளவு ஒரு புள்ளி வைத்தார். கடுகளவு! இதற்கா இந்தப் பாடு என்று திட்டிக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக் குனிந்தேன். நடு நெற்றியில் இருந்தது.

எலுமிச்சம்பழம் கார் சக்கரத்துக்குப் போனது. கெமாஸ் வரை எஞ்சின் என் மடியில்தான். அவர் கார் ஓட்டும் லட்சணத்துக்கு அதை வேறு எங்கே வைப்பது?