அறுபத்திரண்டு இல்லாத ஒலிப்பதிவு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து டீ போடப் போய்விடுவேன். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, கேட்கப் பொறுமையும் இல்லை. நான் சொல்வதைக் கேட்டு நீங்களும் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், ஆபீஸில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

கோத்தகிரி பக்கம் அரவேணுவில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். நான் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள். கம்ப்யூட்டரில் எழுதுவதை இரண்டு டிஸ்க்கில் ஒரே மாதிரி எழுதிவைத்து, ஒன்று செத்தால் மற்றது வேலையைத் தொடரும்படி பார்த்துக்கொள்கிற மென்பொருளை அங்கே செய்கிறார்கள். அதற்குத் தொல்லை கொடுத்துப் பார்ப்பதுதான் என் வேலை. டிஸ்க்கை நிஜமாக உடைக்க மாட்டோம், நடுவில் ஒரு சின்ன புரோகிராம் இருந்துகொண்டு 'இந்த டிஸ்க் கெட்டுப்போச்சு' என்று பொய் சொல்லும். பொய்ப் பழுது என்போம். மொத்தம் நாற்பது சோதனை. முப்பத்தொன்பது பொய், கடைசி ஒன்று மட்டும் நிஜம். ஓர் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அது ஓடும்போதே ஒரு டிஸ்க்கை முழுதாக அழிக்க வேண்டும், சத்தம் நிற்கக் கூடாது.

அந்த ஒலிப்பதிவு, என்னோடு வேலை செய்யும் ஸ்டெல்லா அக்கா ஒன்றிலிருந்து இருநூறு வரை எண்ணிச் சொன்னது. பாட்டு என்றால் நடுவில் கொஞ்சம் விட்டுப்போனாலும் தெரியாது, எண் என்றால் ஒன்று விட்டாலும் காதில் உறைக்கும் என்று அக்காதான் யோசனை சொன்னார்.

அழிப்பதற்கு ஒரு முறை உண்டு. சிவப்பு டேப் ஒட்டினது எங்கள் சோதனை மெஷின், பச்சை டேப் ஒட்டினது வெளியாட்களுடையது. நான் அழிக்கப்போகும் மெஷினின் விளக்கை முதலில் மினுக்கவிட வேண்டும். ஸ்டெல்லா அக்கா வராந்தாக் கோடியில் இருக்கும் மெஷின் அறையில் நின்று பார்த்து, மினுக்குவது எந்த டேப் என்று அங்கிருந்தே கத்துவார். "சிவப்பு" என்று கேட்ட பிறகுதான் நான் என்டர் தட்டுவேன்.

அன்று ஸ்டெல்லா அக்கா சொந்தக்காரர் கல்யாணம் என்று கூடலூர் போய்விட்டார். மெஷின் அறையில் அன்றைக்குப் பச்சை டேப்போடு ஒன்று இருந்தது. ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து பழுது பார்க்க வந்தது, அதில் ஒரு டிஸ்க் ஏற்கெனவே செத்துப்போய், மிச்சமிருந்த ஒன்றில்தான் தோட்டத்து ஜனங்களின் எக்ஸ்ரே, மருந்துக் குறிப்பு எல்லாம், வேறு நகல் கிடையாது.

காலையிலிருந்தே எதுவும் சரியாக நடக்கவில்லை. ஜன்னல் வரைக்கும் மூடுபனி. இருபத்திரண்டாவது சோதனையில் கரண்ட் போய், முதலிலிருந்து ஆரம்பித்தேன். முப்பத்தொன்பது முடியும்போது மணி மூன்றே முக்கால். கோயம்புத்தூரிலிருந்து என்ஜினீயர் பிரபு சார் போன் மேல் போன்.

"விளக்கப் பாத்துச் சொல்ல ஆளில்லைங்க சார்" என்றேன்.

"முப்பத்தொம்பது பாஸ் ஆயிருச்சில்லீங்க்கா, நாப்பதாவதுக்கு மட்டும் நல்ல நேரம் பாக்கோணுமா? அடிச்சு உடுங்க. நாலு மணிக்கு ரிப்போர்ட்ட நான் அனுப்போணும்."

முடியாது என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். எழுந்து போய் நானே பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பார்த்திருக்கலாம். எரிச்சலில் போகவில்லை, அதுதான் உண்மை.

ஒலிப்பதிவை ஓடவிட்டேன். விளக்கை மினுக்கவிட்டு, அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டு என்டர் மேல் விரலை வைத்தேன். ஸ்பீக்கரில் அக்கா குரல் போய்க்கொண்டிருந்தது. அறுபது. அறுபத்தொண்ணு. பச்சை. அறுபத்திமூணு.

பச்சை. சத்தமாகக்கூட இல்லை, எண்ணோடு எண்ணாக, அதே குரலில். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தேன், வராந்தாவில் ஓடினேன். மெஷின் அறையில் சிவப்பு டேப் மெஷின் அமைதியாக இருந்தது. ஆஸ்பத்திரி மெஷின்தான் மினுக்கிக்கொண்டிருந்தது.

கரண்ட் வந்த பிறகு பிரபு சார் கோயம்புத்தூரிலிருந்தே என் கம்ப்யூட்டர் வழியாக ஆஸ்பத்திரி மெஷினுக்குள் போய்ப் பார்த்துவிட்டு, அதற்காகத் திரையில் திறந்த ஜன்னலை மூடாமல் விட்டிருக்கிறார். என் திரையில் இரண்டு கறுப்பு ஜன்னல், இரண்டும் ஒரே மாதிரி, நான் தப்பானதில் அடித்திருக்கிறேன். ஒரு தட்டு தட்டியிருந்தால் அத்தனை பேருடைய எக்ஸ்ரேயும் போயிருக்கும்.

எல்லாவற்றையும் மூடி, மறுபடி மினுக்கவிட்டு, ஓடிப்போய் சிவப்பைப் பார்த்துவிட்டு வந்து அழித்தேன். பாஸ். பிறகு ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அறுபத்தொண்ணு, அறுபத்திமூணு. பச்சையும் இல்லை, அறுபத்திரண்டும் இல்லை.

பிரபு சாரிடம் சொன்னேன். "தப்பு ஜன்னல்ல அடிச்சீங்க, நல்லவேளை நிறுத்திட்டீங்க, அத்தோட உடுங்க்கா. பச்சைன்னு கேட்டுச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதினா ஆரு நம்மகிட்ட வேல குடுப்பாங்க? திரும்ப நடத்திக் காட்டுங்க, எழுதிக்கலாம்" என்றார். இருபது தடவை நடத்தினேன், வரவில்லை. இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டுப் பார்க்கிற புரோகிராம் இரண்டும் ஒன்றுதான் என்றது. இரண்டும் ஒன்றாகவே தப்பாக இருந்தால் அதுவும் ஒன்றுதான் என்று சொல்லும், அது யாருக்குப் புரிகிறது?

ஸ்டெல்லா அக்காவுக்குப் போன் செய்து, எண்ணும்போது ஒன்றை விட்டுவிட்டீர்களா என்று கேட்டேன்.

"நான் ஏன்டி அறுபத்திரண்ட உடப்போறேன்? எங்க ஊட்டுக்காரருக்கு இப்ப அறுபத்திரண்டு. அந்த நம்பர் வந்தப்ப அவரு மூஞ்சியப் பாத்துச் சிரிச்சனே, அந்தச் சிரிப்புகூட அதுல இருக்குமே."

சிரிப்பும் இல்லை. அக்கா தன் போனிலேயே வைத்திருந்த முதல் பதிவைத் தேடி எடுத்தார், அது எங்கள் மெஷின் பக்கமே திரும்ப வராதது. அதிலும் அறுபத்திரண்டு இல்லை. "இத ஊட்டுல சொல்லாதடி" என்று மட்டும் சொன்னார் அக்கா.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் என்ன காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம். எனக்குக் காது சரியில்லை என்றும் சொல்லலாம், ஆபீஸில் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாருங்கள். அறுபத்தொண்ணுக்கும் அறுபத்திமூணுக்கும் நடுவில் ஒரு சத்தம் இருக்கிறது. நாற்காலி பின்னால் நகர்கிற சத்தம், ஒரு சக்கரம் உடைந்து தரையில் கீச்சென்று தேய்கிறது. என் நாற்காலிதான் அப்படித் தேயும். அக்கா அந்தப் பதிவைச் செய்தது கோத்தகிரியில், தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, மூன்று மாதத்துக்கு முன்னால்.

வேறு பதிவு செய்யலாமா என்று கேட்டேன், இது நன்றாகத்தானே ஓடுகிறது என்றார்கள். வாரா வாரம் அதையேதான் ஓடவிடுகிறேன். அறுபது என்று கேட்டதும் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்காருகிறேன். அப்படியும் ஸ்பீக்கரில் நாற்காலி நகர்கிற சத்தம் வருகிறது.