மல்லாபூரில் நின்ற மெனு

உப்பலில் வெப்சைட் செய்து கொடுக்கும் சின்னக் கம்பெனி ஒன்று என்னைச் சோதனை முறையில் வேலைக்கு எடுத்திருந்தது. நான் பத்தாவதைத் தாண்டாதவன். ஓட்டல், லாரி, லேத் பட்டறை, இன்டர்நெட் சென்டர் என்று ஊரும் வேலையும் மாறி மாறி வந்தவன். படுக்கை ஆபீஸ் மேஜைக்கு அடியில். மல்லாபூர் வால்வு தொழிற்சாலையின் வெப்சைட் சரியாக முடிந்தால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் கிளம்ப வேண்டியதுதான் என்று கம்பெனியை நடத்தும் எங்கள் மேடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்.

முடித்துக் கொடுத்த மறுநாளே தொழிற்சாலை முதலாளி போன் செய்தார். பட்டன் மேல் மவுசை வைத்தால் வால்வுகளின் பட்டியல் கீழே விரிகிறதாம், தேர்ந்தெடுக்கப் போனால் மறைகிறதாம். அவரிடம் இருந்த அதே பழைய பிரவுசரில் நாங்களும் பார்த்தோம். பட்டியல் ஒழுங்காக நின்றது.

“நேர்ல போய்ச் சரி பண்ணிட்டு வாங்க தம்பி. இல்லீன்னா நானும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க,” என்றார் மேடம். கோயம்புத்தூர்க்காரர். நான் பையைக் கட்டி வைத்துவிட்டே பஸ் ஏறினேன்.

முதலாளி போலாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் அந்த ஊர் உருது கலந்து வரும். “வாப்பா! உன் மெனு என்னைக் கண்டா ஓடுது. இந்த ஓட்டமெல்லாம் நக்கோ, எனக்கு நிக்கிற மெனு வேணும்.”

“நீங்களே ஒருதடவை காட்டுங்க சார்.”

மவுசைப் பிடித்து, இழை இழையாகக் கீழே இறக்கினார். அந்தக் கையை எனக்குத் தெரியும். லேத்தில் டூலை நகர்த்திப் பழகிய கை. பட்டனுக்கும் பட்டியலுக்கும் நடுவே அழகுக்காகக் கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தேன். திரையில் மவுசின் அம்பு அதற்குள் நுழைந்ததும் பட்டியல் மறைந்தது. ஆபீஸில் நாங்கள் எல்லோரும் மவுசை ஒரே இழுப்பில் இழுத்து அந்த இடத்தைத் தாண்டியிருக்கிறோம்!

அந்த இடைவெளியும் பட்டியலைச் சேர்ந்ததுதான், அப்படித்தான் எழுதியிருந்தேன். புதுப் பிரவுசர்கள் அதை ஒப்புக்கொண்டன, பழையது ஒப்புக்கொள்ளவில்லை. பட்டியலை மேலே ஏற்றிப் பார்த்தேன். பட்டனை மறைத்தது. அளவுகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

“சாப்ட்டியா?”

“ஆச்சு சார்,” என்றேன். ஆகவில்லை.

இடைவெளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்ப்பதற்காக அதற்குச் சிவப்பு நிறம் கொடுத்தேன். அவரைப் போலவே மெதுவாக மவுசை இறக்கினேன். பட்டியல் நின்றது! நிறத்தை எடுத்தேன், மறைந்தது. மறுபடி கொடுத்தேன், நின்றது. நிறமில்லாத இடத்தை அந்தப் பிரவுசர் இடமாகவே மதிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். சிவப்புக்குப் பதிலாக மெனுவின் சாம்பல் நிறத்தைப் பூசினேன். ஒரே வரி.

“இப்பப் பாருங்க சார்.”

அம்பை இடைவெளியின் நட்ட நடுவில் நிறுத்தினார். கையை எடுத்தார். டீயை எடுத்து நிதானமாக உறிஞ்சினார். பட்டியல் அசையவில்லை.

“ஹவ், நிக்குதுப்பா! டீயே முடிஞ்சிடுச்சு, இன்னும் நிக்குது!” என்று பட்டறை ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு மேடத்துக்குப் போன் போட்டார். “இவனை நீங்க வெச்சிக்கலைன்னா சொல்லுங்க, நான் லேத்துல நிறுத்திக்கிறேன்.”

“அதெல்லாம் தர முடியாதுங்க,” என்று மேடம் சிரித்தது எனக்கே கேட்டது.

வாசலில் நாலு சமோசா வாங்கித் தின்றேன். உப்பலில் இறங்கி, ஆபீஸுக்குப் போய், முதல் வேலையாகப் பையைப் பிரித்தேன்.