கணவாயோடு திரும்பிப் போனவர்கள்

புளியங்காட்டுப் பேருந்து நிறுத்தத்தில் கிளம்பி, சாமைக் கொல்லைகள் வழியாக மேலேறி, கணவாயைத் தாண்டி இறங்கி, ஓடைக்கரையோடு நடந்து மறுபடி அதே நிறுத்தத்துக்கு வந்து சேர மொத்தம் பதினொன்றரை கிலோமீட்டர். ஐந்து மணி நேர நடை. இந்தச் சுற்றில் ஏழாவது கிலோமீட்டரில் ஓடைக்கொல்லை. முன்பு அங்கே பதினான்கு வீடுகள் இருந்தன. சாலை வேண்டுமென்று ஒவ்வொரு குடும்பமாகப் புளியங்காட்டுக்குப் போய்விட, மிஞ்சியது ரஞ்சிதத்தின் வீடு மட்டும்.

ரஞ்சிதத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் ராஜாக்கண்ணு இறந்து ஆறு வருடம். ஒரே மகள் கல்பனா கணியம்பாடியில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ரஞ்சிதம் இரண்டு கிலோமீட்டர் ஏறிக் கணவாய்க்குப் போவாள். வீட்டுக்குக் கிட்டத்தில் போனுக்கு டவர் அங்கேதான் கிடைக்கும்.

“ஆளே இல்லாத எடத்துல இன்னாம்மா பண்ணினு கெடக்குற? கீழ வந்துடு.”

“ஆளு இல்லன்னு யாருடி சொன்னா? வாராவாரம் வர்றாங்க.”

சொன்னது உண்மைதான். வேலூர், திருவண்ணாமலைப் பக்கமிருந்து மலை நடைக்கு வருபவர்களைப் புளியங்காட்டுப் பார்த்திபன் ஞாயிறுதோறும் அழைத்து வருவான். அவள் வாசலில் அரை மணி உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள், மரத்துக்கெல்லாம் பேர் கேட்பார்கள். அந்த அரை மணியை வைத்துக்கொண்டு அவள் ஒரு வாரத்தை ஓட்டிவிடுவாள்.

ஐப்பசியில் வரவு நின்றது. மழையென்று நினைத்தாள். மூன்றாவது ஞாயிறு கணவாயில் நின்றபோதுதான் தெரிந்தது. அங்கே ஒரு கல்சாமி உண்டு. ஏறி வருகிற எவரும் ஒரு தழையை ஒடித்து அதன் முன்னால் போட்டு, கால் வலிக்காமல் இறங்கவேண்டும் என்று கேட்டுக்கொள்வது மலை வழக்கம். குவியலின் மேல் ஒன்பது தழைகள் வாடாமல் கிடந்தன. ஒன்பது பேர் கணவாய்வரை வந்து, வந்த வழியே திரும்பியிருக்கிறார்கள்.

போன் அடித்தது. “இந்த வாரம் எத்தினி பேரும்மா?”

“ஒம்பது பேரு.”

“வூட்டாண்ட வந்தாங்களா?”

ரஞ்சிதம் குவியலின் மேலிருந்த தழைகளை மறுபடி எண்ணினாள்.

“வர்லியா? அப்ப இன்னாத்துக்கு அங்க இருக்குற? தை பொறந்ததும் வந்து கூட்டிக்கினு போறேன். வூட்டப் பூட்டிடு.”

மறுநாளே புளியங்காட்டுக்கு நடந்துபோய்ப் பார்த்திபனைப் பிடித்தாள். “இன்னாடா, என் வூட்டு மேல இன்னா கோவம்?”

“கோவம்லாம் இல்லக்கா. எறங்குற வழிய உண்ணிச்செடி முள்ளுப் பொதரா மூடிக்கிச்சி. போன தபா ஒரு அம்மா சுடிதார் கிழிஞ்சி, என்னியத் திட்டிக்கினே வந்தாங்க.”

அவள் வாராவாரம் குனிந்து நுழைந்தே பழகிவிட்ட வழி அது. “வெட்டிட்டா வருவியா?”

“ஒத்த ஆளா நீங்க வெட்டி முடிக்கறதுக்குள்ள எனக்கே கல்யாணம் ஆய்டும்க்கா.”

கொடுவாளைத் தீட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். பத்தொன்பது நாள் வெட்டினாள். முதுகில் ஏறிய முள் ஒன்று கைக்கு எட்டவில்லை. எடுத்துவிட ஆளில்லாததால் அது அங்கேயே பழுத்து, தானாக வெளியே வந்தது.

வெட்டி முடித்த ஞாயிறு வாசலைப் பெருக்கிவிட்டுக் காத்திருந்தாள். பொறுக்கமுடியாமல் தானே மேலேறிப் போனாள். கணவாயைத் தொட்டபோது அந்தப் பக்கச் சரிவில் முதுகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கூப்பிடு தூரம்தான். வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். வழியில் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிட்டால் போகிற வழிக்கு ஆகாது. ராஜாக்கண்ணு சந்தைக்குக் கிளம்பி எதையாவது மறந்துவிட்டுப் போனால்கூட அவள் கூப்பிட்டதில்லை. கடைசித் தொப்பி மறையும்வரை நின்றாள்.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கே போய், அவர்கள் ஏறிவரும் பக்கம் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். பத்தரைக்குப் பார்த்திபன் தலை தெரிந்தது.

“இன்னாக்கா, சாமிக்குப் பக்கத்துல இன்னொரு சாமியா?”

“வழி வெட்டியாச்சி. கூட்டிக்கினு வா.”

“முழுக்கவா?”

“உனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

பின்னால் பன்னிரண்டு பேர். அதில் வேலூர்க் கல்லூரி ஆசிரியை பிரியதர்ஷினி கீழே எட்டிப் பார்த்தார். ஒரு பக்கம் மலைக்குப் பின்னால் மலையாக நீலம். மறுபக்கம் ஓடை நாலைந்தாகப் பிரிந்து, மணல்திட்டுகளைச் சுற்றி அணைநீரில் கலக்கிறது. “கடலே இல்லாத ஊர்ல கழிமுகம் மாதிரி இருக்கே!” என்றார்.

வெட்டிய வழி ஓர் ஆள் அகலம். ரஞ்சிதம் முன்னால் நடந்தாள். “தனியாவா இருக்கீங்க? பயமா இல்லீங்களா?” என்று பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்கள். திரும்பாமலே பதில் சொன்னாள். பதினொன்றே முக்காலுக்கு வீடு வந்தது.

“நிக்காதீங்கக்கா. பஸ் இப்ப ஒன்னு பத்துக்கே வந்துடுது” என்றான் பார்த்திபன்.

அவள் நின்றால் எல்லாரும் நிற்கவேண்டும். பெருக்கி வைத்த தன் வாசலைத் தாண்டி நடந்தாள்.

“இதான் உங்க வீடா? அழகா இருக்குங்க.”

“ஆமாம்மா.”

புளியங்காட்டு நிறுத்தத்தில் பேருந்து சரியாக ஒன்று பத்துக்கு வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அங்கே டவர் இருந்தது. கல்பனாவைக் கூப்பிட்டாள்.

“வந்தாங்களாம்மா?”

“வந்தாங்க. பன்னெண்டு பேரு.”

“வூட்ல ஒக்காந்து பேசினாங்களா?”

“வழியெல்லாம் பேசிக்கினே வந்தாங்க.”

“சரி, தைக்கு வர்றியா இல்லியா?”

“அடுத்த ஞாயிறு பதினாலு பேராம். முன்னால நடக்கப் பார்த்திபன் என்னியத்தான் வரச் சொல்றான்.”

மறுமுனையில் தையல் மெஷின் ஓடத் தொடங்கியது. “சாப்ட்டியா?” என்றாள் கல்பனா.

“வூட்டுக்குப் போய்த்தான்” என்று சொல்லிவிட்டு, ஓடைக்கரை நாலரை கிலோமீட்டரை ரஞ்சிதம் நடக்கத் தொடங்கினாள்.