நூற்றியோராவது லட்டு

வைகாசி ஒன்பது, புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணி நான்கு நிமிடம். வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. கொத்தமங்கலத்துத் தெருவில் செருப்பில்லாமல் நடந்தவர்கள் நிழலுக்கு நிழல் தாவிக்கொண்டிருந்தார்கள். நேரத்தை இவ்வளவு திட்டமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அந்த நிமிடத்தில் இரண்டு குடும்பங்களும் சேர்ந்து பெண் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தன என்பதுதான். ராகுகாலம் தொடங்கி நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

எங்கள் அத்தை மகனுக்குப் பரிசம் போடுவதற்காகச் சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து போயிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. கூட்டத்துக்குத் தலைவர் என் பெரியப்பா. பதினொன்றரைக்கே ஊருக்குள் வந்துவிட்டோம். அடுத்த தெருவில் தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவிக்கொண்டு, பன்னிரண்டுக்குள் தட்டு மாற்றி, கையோடு சாப்பிட உட்கார்ந்துவிடுவது என்று ஏற்பாடு. பெரியப்பா வழக்கம்போல அந்த வீட்டில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுக்கு முன்னால் எங்கே இருந்தாலும் அப்படித்தான் செய்வார். கதவிடுக்கில் ஸ்பிரிட் வாசம் வரும். பல்வலிக்கு மருந்து என்று பெரியம்மா சொல்லியிருந்தாள்.

அவர் வெளியே வந்தபின் அத்தைக்குச் சேலைக் கொசுவம் சரியாக வரவில்லை. அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் பன்னிரண்டு அடித்துவிட்டது.

பெண்ணின் தாய்மாமன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "தப்பா நினைச்சுக்கிறாதீக. ஒண்ணரைக்குத் தட்டு மாத்திக்கிருவோம். மாத்துன கையோட இலை போட்டுருவோம்."

தட்டு மாறாமல் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. காப்பிகூடக் கிடையாது, தண்ணீர் மட்டும்தான். ஆகவே நாற்பத்திரண்டு பேரும் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் பதினேழு சீர்த்தட்டுகள். ஈ அண்டாமல் விசிறி வைத்துக்கொண்டு லட்டுத் தட்டுக்குக் காவல் இருப்பது என் வேலை. பொழுது போகாமல் எண்ணினேன். நூற்றியொன்று. மறுபடி எண்ணினேன். நூற்றியொன்றுதான்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பெரியப்பாவின் முகம் மாறியது. வியர்வை நெற்றியில் தொடங்கிக் கழுத்து வழியாக இறங்கிச் சட்டையை நனைத்தது. விசிறியை என்னிடமிருந்து பிடுங்கினார். வீசாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். என் அப்பா ஏதோ கேட்டதற்கு, "சும்மா இருக்க மாட்டியா?" என்று சபையில் சீறினார். அவர் யார்மேலும் சீறி நான் பார்த்ததில்லை. அப்புறம் என் பக்கம் குனிந்தார். விரல்கள் நடுங்கின.

"அதுல ஒண்ணு எடுத்துக் குடுறா."

"பெரியப்பா, நூத்தி ஒண்ணு எண்ணி வச்சிருக்கு."

"எடுறா."

எடுத்துக் கொடுத்தேன். ஒளிந்து மறைந்து தின்னவில்லை. சபை நடுவில், எல்லாரும் பார்க்க, பூந்தி வேட்டியில் உதிர உதிர, மூன்றே வாயில் முழு லட்டையும் விழுங்கினார். பெண்ணின் அத்தை ஒருத்தி முதலில் பார்த்தாள்.

"சம்பந்தி வீட்டுப் பெரியவுகளுக்கு நம்ம பந்தி வரைக்கும் பொறுக்கல போல. கொண்டாந்த சீரை அவுகளே தின்னுட்டுப் போயிருவாக."

கூடம் சிரித்தது. என் அப்பா தரையைப் பார்த்தார். பெரியப்பா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தார். பத்து நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்து, எதுவும் நடக்காததுபோல், "பசிச்சுச்சு, தின்னேன்" என்றார்.

சிக்கல் ஒன்றரை மணிக்கு வந்தது. பெண் வீட்டார் சீரை எண்ணித்தான் எடுத்துக்கொள்வார்கள். லட்டு நூறு. பெண்ணின் தாயார் கையை எடுத்துவிட்டாள். "ரெட்டைப்படையா வந்திருக்கே. இதை எப்படி உள்ள எடுத்து வைக்கிறது?" அதுவரை சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அத்தை மகன் நிறம் வெளுத்துப் போனார். அந்தக் காலத்தில் இதைவிடச் சின்னக் காரியத்துக்குத் தட்டுகள் திரும்பிப் போயிருக்கின்றன.

எனக்கு இது ஒரு கணக்காகத்தான் பட்டது. எழுந்து நின்று சொன்னேன்: "இன்னொண்ணைத் தின்னுட்டா தொண்ணூத்தொம்பது. ஒத்தைப்படை."

 பெண்ணின் தாய்மாமன்தான் விழுந்து விழுந்து சிரித்தார். நூறில் ஒன்றை அவரே எடுத்து என் வாயில் திணித்து, "இந்தப் பயலுக்கும் நம்ம வீட்டுலயே பொண்ணு பாத்துருவோம்" என்றார். தட்டு மாறியது. பந்தியில் எனக்குப் பெரியவர்களுக்கு இடையே தனி இலை போட்டார்கள்.

என் வெற்றியை ஊர் ஒரு மாதத்தில் மறந்துவிட்டது. பெரியப்பாவின் பெயர் மட்டும் நிலைத்தது. அன்றிலிருந்து அவர் லட்டுப் பெரியவர். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "தட்டை அங்குட்டு நகர்த்தி வைங்கப்பா, லட்டுப் பெரியவரு வாராக" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். உண்மையிலேயே தீனிப்பிரியர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்காகவே அவரை எனக்குப் பிடித்தும் இருந்தது.

இப்போது எனக்கே வயது எழுபதை நெருங்குகிறது. போன தை மாதம் காரைக்குடி டாக்டர், என் சர்க்கரைக்கு மாத்திரை இனிக் கேட்காது, வேளைக்கு வேளை சாப்பாட்டோடு இன்சுலின் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார். சாப்பாட்டுக் கணக்குச் சொல்லித்தர ஒரு பெண் இருந்தாள். எனக்குப் பன்னிரண்டு கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் இன்சுலின் என்று குறித்துக் கொடுத்தாள். நான் மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறுகிறவன். சமையல்கட்டில் தராசு வந்தது. நிறுத்துப் பார்த்தால், ஒரே ஈட்டில் வெந்த இட்லிகளில் ஒன்று முப்பத்தெட்டு கிராம், ஒன்று ஐம்பத்திரண்டு.

"இதை வச்சு நான் எப்படிக் கணக்குப் பாக்குறது?" என்று கேட்டேன்.

"இட்லியை நிறுத்துத் திங்கிற மனுசனுக்கு எவ அவிச்சுப் போடுவா? நாளையில இருந்து தராசையே அவிச்சு வைக்கிறேன், தின்னுங்க" என்றாள் என் மனைவி.

கவலைப்படாத நாள் இல்லை. சோறு குழைந்தால் கவலை, கரண்டி மாறினால் கவலை. ஆனாலும் மூன்று மாதத்தில் கண்ணே தராசாகிவிட்டது. அப்போதுதான் ஒரு காலை, நான்கு இட்லிக்கு ஊசியைப் போட்டுக்கொண்டு உட்காரும் நேரத்தில் தம்பி போனில் கூப்பிட்டான். வரப்புத் தகராறு. அரை மணி பேசியிருப்பேன். திடீரென்று சட்டை முதுகோடு ஒட்டியது. மனைவியைப் பார்த்து, ஃபேனைப் போட மாட்டாயா என்று கத்தினேன். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. போனைப் பிடித்த விரல்கள் தனியாக ஆடின.

"ஊசியைப் போட்டுட்டுத் திங்காம இருந்தீகளா?" என்று கேட்டபடியே அவள் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினாள். சர்க்கரை மீட்டர் ஐம்பத்தெட்டு காட்டியது. எழுபதுக்குக் கீழே போகக் கூடாது. பத்து நிமிடத்தில் உலகம் தன் இடத்துக்குத் திரும்பியது.

அந்த விரல்களை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஸ்பிரிட் வாசமும் பல்வலி மருந்தும் அறுபது வருடம் கழித்து ஒன்று சேர்ந்தன. அன்று பன்னிரண்டு மணிச் சாப்பாட்டை நம்பிப் பெரியப்பா ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். சாப்பாடு ஒன்றரைக்குத் தள்ளிப்போய்விட்டது.

போன ஞாயிறு அதே அத்தை மகனின் பேத்திக்குக் காரைக்குடியில் கல்யாணம். என்னைப் போக வேண்டாம் என்றாள் மனைவி. போனேன். முதல் பந்தி பன்னிரண்டரைக்கு என்றார்கள். ஒன்றேகாலாகியும் இலை விழவில்லை. இன்சுலின் பேனா என் சட்டைப் பையிலேயே இருந்தது. இலை போட்டு, உப்பு, கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் வந்து, சோறு விழுந்த பிறகுதான் கணக்குப் போட்டேன். சோறு இரண்டு கரண்டி, ஐம்பத்தாறு. சாம்பாரும் கூட்டும் பத்து. அப்பளம் நான்கு. இலையின் ஓரத்தில் லட்டு, இருபத்தாறு. ஆக மொத்தம் தொண்ணூற்றாறு. எட்டு யூனிட். சட்டையைத் தூக்கி, பந்தியில் உட்கார்ந்தபடியே வயிற்றில் போட்டுக்கொண்டேன்.

பரிமாறுகிறவன் சாம்பார் வாளியோடு நின்றுவிட்டான். பக்கத்து இலைக்காரர் எனக்கு மருமகன் முறை, ஐம்பது வயதிருக்கும். மெதுவாகக் குனிந்தார்.

"என்ன மாமா, சபையில வச்சுப் போடுறீக?"

"சாப்பாடு சபையிலதானப்பா போடுறாக."

சிரித்தார். பிறகு இன்னும் மெதுவாக, "நானும்தான் மாமா. கார்ல வச்சுப் போட்டுட்டு வந்தேன். வெளியில தெரிய வேணாம்னு" என்றார்.

"எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டே முக்கால்."

அவர் நெற்றியைப் பார்த்தேன். ஏசி ஓடுகிற மண்டபத்தில் வியர்த்திருந்தது.

"பேசாத. மொதல்ல அந்த லட்டைத் தின்னு."

தின்றார். அவர் முகம் தெளியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் லட்டை நான் எடுத்தேன். ஒரு பூந்திகூட உதிரவில்லை. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் நூற்றி நாற்பத்தெட்டு காட்டியது. நூற்றி எண்பதுக்குள் நின்றாலே நல்ல கணக்கு. மனைவியிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள்.

"லட்டுமா தின்னீக?"

"முழுசா."

பெரியப்பாவின் கணக்கையும் அன்று இரவு போட்டு முடித்தேன். சீக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சபையே பதறி அவருக்குப் பால் காய்ச்சியிருக்கும். அவர் வீட்டில் அப்போது கல்யாணத்துக்கு நின்ற மகள்கள், எனக்கு அக்காமார், இருவர். சர்க்கரை உள்ள வீடு என்று தெரிந்தால் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள். தீனிக்காரர் வீடு என்றால் சிரித்துவிட்டு வருவார்கள். வந்தார்கள், இருவரும் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஒன்பது வயதில் நான் லட்டை மட்டும்தான் எண்ணினேன்.

ஆன செலவு: லட்டு ஒன்று, மாவுச்சத்து இருபத்தாறு கிராம், பட்டப்பெயர் ஒன்று.