ஓர்லியான் தீவின் திராட்சையும் வதனியின் மூக்கும்

மார்கழியில் வந்த காய்ச்சலோடு என் தங்கை வதனிக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. எங்கள் நகரத்தின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் அவளுடைய அடுப்படியிலிருந்துதான் எத்தனையோ பிறந்தநாள் வீடுகளுக்குச் சாப்பாடு போகும். மணம் பார்க்காமல் எப்படித் தாளிப்பது என்று ஓடர் எடுப்பதையே நிறுத்திவிட்டாள். முடங்கிக் கிடந்தவளை எங்கேயாவது கூட்டிப்போக வேண்டுமென்றுதான் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை இந்தப் பயணம்.

நான் இருக்கும் ரொக்ஸ்பரோவிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பி, வதனியை ஏற்றிக்கொண்டு நாற்பதாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனோம். கியூபெக் நகரத்தைத் தாண்டி ஓர்லியான் தீவுப் பாலம் வரை ஏறத்தாழ 280 கிலோமீற்றர். மூன்று மணித்தியாலம் பிடித்தது. பாலத்துக்குக் கட்டணம் இல்லை. தீவைச் சுற்றி ஒரே பெருவீதிதான், வழி தவற இடமில்லை. (நானே தவறவில்லை என்றால் பாருங்கள்.)

சென் லோரன்ஸ் ஆறுதான் என்றாலும் கடலின் வற்றுப்பெருக்கு இங்கே வரை வருகிறது. அந்தக் கரைச் சரிவில்தான் நாங்கள் தேடிவந்த வைன் தோட்டம். எங்கள் ஆட்கள் முந்திரிகை என்று சொல்லும் திராட்சை, வெள்ளை இனம். பெயர் வாந்தால்-கிளிஷ். கியூபெக் குளிருக்கென்றே உருவாக்கிய இனமாம். ஆறு பக்கத்தில் இருப்பதால் முதல் உறைபனி கொஞ்சம் பிந்தி விழும், அதற்குள் பழுத்துவிடும் என்று தோட்டத்துச் சொந்தக்காரி பிரெஞ்சில் விளக்கினார்.

வைன் சுவைக்க ஆளுக்குப் பத்து டொலர். கார் ஓட்டுவதால் எனக்குச் சாறு. வதனி ஒரு மிடறு குடித்துவிட்டுக் கிளாசை வைத்தாள்.

"வெறும் புளித்தண்ணி அக்கா. இதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?"

மணம் தெரியாதவளை வைன் குடிக்கக் கூட்டிவந்த என் புத்தியை என்ன சொல்ல. சொந்தக்காரி என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். யோசித்துவிட்டு, முதலில் பறித்த குலைகளின் சாறு நொதிக்கும் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். ஒரு தொட்டியின் மூடியைத் திறந்து, நொதிக்கும் காற்று மூச்சை அடைக்கும், கிட்டக் குனிய வேண்டாம் என்றார். வதனி நின்று பார்த்தாள், இல்லையென்று தலையை ஆட்டினாள், வெளியே நடந்தாள். வாசலில் நின்றவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, அப்ப மா புளிச்ச மணம் வருது."

"சும்மா நினைக்கிறாயடி."

"இல்லை, வடிவா வருது."

நம்பவில்லை. அவளைக் கண்ணை மூடச் சொல்லி, சொந்தக்காரி ஒருமுறை வெறும் தொட்டியையும் ஒருமுறை நொதிக்கும் தொட்டியையும் மாற்றி மாற்றித் திறந்தார். ஒவ்வொரு முறையும் வதனி சரியாகச் சொன்னாள். எனக்குத்தான் கண் கலங்கியது. அவள் சிரித்துக்கொண்டே நின்றாள்.

திரும்பும் வழியில் வாங்கிய கோப்பி அவளுக்கு மணக்கவில்லை. மெல்ல மெல்லத்தான் வரும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

போகிறவர்களுக்கு: செப்டம்பர் கடைசியில் போங்கள், அறுவடையைப் பார்க்கலாம். கொட்டகைக்குள் போக முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றுக் காற்று குளிரும், ஜக்கெற் வேண்டும். ஓட்டுபவர் சாறோடு நிற்கட்டும். பிரெஞ்சு வணக்கமாக ஒரு 'போன்ஜூர்' சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.

வதனிக்கு வெங்காயம் வதங்கும் மணம் இப்போது வந்துவிட்டது. சின்னச் சின்ன ஓடர்கள் எடுக்கிறாள். மீன்குழம்பு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதை மணந்து பார்க்க என்னைத்தான் கூப்பிடுவாள். நானும் மணந்து பார்ப்பதோடு நிறுத்துவதில்லை.