எனக்குத் தெரியாத ஜப்பான் எழுத்து

சாமானை விற்பதைக் காட்டிலும், அது எந்தச் சீமைச் சாமான், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் தொழிலில் பெரும்பாடு. போடி கடைவீதியில் சில்லறைச் சாமான்களை மொத்தமாக விற்கும் கடை ஒன்றில் பதினைந்து வருஷம் பெட்டி பிரித்தவன் நான். என்னைப் போலத் தெரியாததையெல்லாம் தெரிந்த மாதிரிச் சொல்லிப் பிழைத்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். இது உங்களுக்காக எழுதியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஜப்பான் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. அப்போதெல்லாம் சீப்பு, கண்ணாடி, பீங்கான் கிண்ணம், பொம்மை என்று எல்லாமே ஜப்பானிலிருந்து மலிவாக வந்துகொண்டிருந்தன. பெட்டிமேல் ஒட்டியிருக்கும் படச்சீட்டை ஈரத்துணி போட்டுக் கிளப்பி, ஒரு நோட்டில் ஒட்டி, உள்ளே இருந்த சாமானின் பேரைப் பக்கத்தில் எழுதிவைப்பேன். மறுபடி அதே படம் வந்தால் பெட்டியைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன். பார்த்தவர்கள் நான் எழுத்தைப் படிப்பதாக நினைத்து 'ஜப்பான்காரர்' என்று பேர் வைத்தார்கள். நானும் மறுக்கவில்லை. பிற்பாடு ஒரு பெண்ணின் நெற்றிப் பொட்டே என் வாய்வார்த்தையை நம்பி நிற்கும் என்று தெரிந்திருந்தால், அன்றைக்கே உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பேன்.

கொக்கும் சீப்பும்

மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒரு வியாபாரி வருவார். திருவிழாக்களில் கடை போடுகிறவர். வண்டி காத்திருந்ததால் பெட்டியைப் பிரித்துப் பார்க்க அவருக்கு நேரமில்லை. சீட்டில் ஜோடிக் கொக்கு இருந்தது. என் நோட்டுப்படி கொக்கு என்றால் சீப்பு. அதற்குக் கீழே இருந்த நாலு வரியையும் விரல் வைத்து மெதுவாகப் 'படித்து', "சீப்பு, பன்னிரண்டு டஜன்" என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

மூன்றாம் நாள் அவர் பெட்டியோடு திரும்பி வந்தார். உள்ளே வரிசை வரிசையாக செல்லுலாய்டு பொம்மைகள், ஒன்றின் தலையிலும் முடி இல்லை. "ஜப்பானில் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டான்" என்றேன். அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை, முழுப் பழியையும் ஜப்பான் மேலேயே போட்டார். ஒரு பொம்மையை எடுத்து மேஜைமேல் உட்காரவைத்துவிட்டுச் சொன்னார்: "தப்பு உங்க மேல இல்ல தம்பி. ஆனா சீப்புன்னு வாங்கிட்டுப் போய்ப் பிரிச்சா அம்புட்டும் மொட்டை. இதுக எதச் சீவுறதுக்கு?"

சாயம் போகாத முருகன்

துணிக்கட்டுகளின் மேலும் சீட்டு வரும். நம்மவர்களைப் பிடிக்க ஜப்பான்காரன் அதில் நம் சாமிகளையே அச்சடித்து அனுப்புவான். கம்பத்துப் பெரியவர் ஒருவர் அப்படி வந்த முருகனுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பூஜையில் வைத்திருந்தார். சாமியின் காலடியில் இருக்கும் எழுத்து என்ன மந்திரம் என்று தெரிந்துகொள்ள, குளித்து விபூதி பூசி, படத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

துணிச்சீட்டில் வேறென்ன எழுதுவான்? "நாற்பது கெஜம், சாயம் போகாது" என்று எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "பங்காளிக வழக்குப் போட்டு என் பேரக் கெடுக்கப் பாக்குறானுக. சாயம் போகாதுன்னு முருகனே எழுதிக் குடுத்த பிறகு எவன் என்ன செய்ய முடியும்?"

உளவு பார்த்த கண்ணாடி

ஜப்பானோடு சண்டை வந்ததும் என் பேரே எனக்கு எமனாயிற்று. ஊரில் ஜப்பான் எழுத்து இருக்கிற எதைக் கண்டாலும் சந்தேகம். என் வீட்டிலோ ஒரு நோட்டு நிறைய ஜப்பான் எழுத்து. பயந்துபோய் அதை அடுப்பில் வைத்தேன். எரிந்து முடிந்த மறுநாளே தலைமைக் காவலர் ஒருவர் கடைக்கு வந்து நின்றார்.

அவர் வந்தது எனக்காக இல்லை. கடமலைக்குண்டு சந்தையில் முடிவெட்டுகிறவரின் கண்ணாடிக்குப் பின்னால் ஜப்பான் சீட்டு ஒட்டியிருந்ததாம். அந்தக் கண்ணாடியையே கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, அதில் ரகசியம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். குடை பிடித்த பெண்ணின் படம், எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. "கண்ணாடி என்று எழுதியிருக்கிறது" என்றேன். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், தன் மீசையையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கண்ணாடிய எவன் பாத்தாலும் கண்ணாடின்னு தெரியும். அப்புறம் எதுக்கு அதுல கண்ணாடின்னு எழுதுறான்? அங்கனதானய்யா இடிக்குது."

ராஜா முகத்தில் முத்திரை

சண்டை முடிந்த மறுவருஷம் காமயகவுண்டன்பட்டியிலிருந்து ஆட்கள் வந்து ஊர்ச் சாவடிப் பஞ்சாயத்துக்கு என்னை அழைத்துப் போனார்கள். அங்கே ராசாத்தி என்று ஒரு பெண். புருஷன் மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவன். தப்பி ஓடிவந்த ஒருவன், ஜப்பான்காரன் உள்ளே வருமுன் விழுந்த முதல் குண்டிலேயே அவன் போய்விட்டதாகச் சொல்ல, கருமாதி நடந்து அவள் பொட்டு அழித்து நாலு வருஷம். புருஷனின் அண்ணன் தம்பியின் தென்னந்தோப்பைத் தன் பேருக்கு மாற்றக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கப்பலில் வந்த யார் யாரோ கைமாற்றி ஒரு கடிதம் வந்து சேர்ந்தது. அது நனைந்து உள்ளே மை முழுக்கக் கரைந்திருந்தது. மேலே அவன் கையால் பென்சிலில் எழுதிய விலாசமும் ஒரு தபால் தலையும்தான் மிச்சம். ஜப்பான்காரன் வந்த பிறகு போட்ட கடிதம் என்றால், முதல் குண்டில் செத்தது பொய். அவளுக்கும் தோப்புக்கும் அதுதான் தீர்ப்பு.

தபால் தலையில் நம் வெள்ளைக்கார ராஜாவின் முகம். அதன்மேல் கறுப்பு மையில், கட்டம் கட்டி எழுத்து. "ராசா மூஞ்சி இருக்குல்ல, அப்ப இது வெள்ளக்காரன் காலத்துக் கடுதாசிதான்" என்றார் அண்ணன். மேலே அச்சடித்திருப்பது ஜப்பான் எழுத்து என்றேன். "எங்க, படிங்க பாப்பம்" என்றார். வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம், பழகின வாய்தான். ஆனால் சாவடித் தூணோரம் அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தின் சாடைதான் தெரியும்" என்றேன். கூட்டம் சிரித்தது, அண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். என்னால் அவள் கெட்டாள் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏலே, உக்காரு" என்றார் ஊர்ப் பெரியவர். "பள்ளிக்கூடத்துல ராசா படத்துக்கு மீச வரஞ்சதுக்கே எம்மகனப் பொழுது பூரா ஸ்டேசன்ல உக்கார வச்சாக. மூஞ்சி பூரா அச்சுக் குத்துனவன் வெள்ளக்காரனுக்குப் பயந்தவனாவா இருப்பான்? ஜப்பான்காரன் வந்த பிறகு குத்துனதுதான்." நான் பதினைந்து வருஷத்தில் கற்றதை அவர் ஒரு மீசையை வைத்து நிரூபித்துவிட்டார். தோப்பு அவளுக்கே என்று ஆனது. யாரோ குங்குமம் கொண்டுவந்து நீட்டினார்கள். நெற்றி நிறைய வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு ராசாத்தி சொன்னாள்: "வரட்டும் அந்த மனுசன். நாலு வருசம் என்ன வெள்ளச் சீலையில நிக்க வச்சதுக்கு, அவருக்கு இன்னொரு கருமாதி நான் பண்ணுறேன்."

அவன் அடுத்த வருஷம் முழுசாக வந்து சேர்ந்து அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். நான் பதினைந்து வருஷம் பொய் சொல்லிச் சம்பாதித்த 'ஜப்பான்காரர்' பட்டம் ஒரே ஒரு உண்மையில் போய்ச் சேர்ந்தது.